கொதிக்கும் லாரியும் கொல்கத்தாக் காற்றும்

கொல்கத்தாவில் மலை கிடையாது. கடல் மட்டத்திலிருந்து பத்து மீட்டர் உயரத்தைத் தொடவே யோசிக்கும் கழிமுக நிலம் அது. லாரிக்காரர்களுக்கு ஏற்றம் என்றால் பாலம்தான்: 1992 அக்டோபரில் திறந்த வித்யாசாகர் சேது, தட்சிணேஸ்வரத்தை ஒட்டிய நிவேதிதா சேது, அப்புறம் நகரத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மேம்பாலங்கள். மலையேறாத ஊரில் இன்ஜின் ஏன் கொதிக்க வேண்டும்? ஆனால் சித்திரை வெயிலில் ஸ்ட்ராண்ட் சாலை ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றால் தெரியும். முன்மூடியைத் தூக்கிவைத்த பழைய டாடா ஒன்று ஆவி விட்டுக்கொண்டு நிற்கும். கிளீனர் பையன் வாளியோடு தண்ணீர் தேடிப் போயிருப்பான். டிரைவர் யாரிடமோ போனில், ரேடியேட்டர் சின்னது, பெரிசாக மாற்றினால்தான் சரிப்படும் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்தப் பேச்சு பெரும்பாலும் தப்பு. கொதிக்கிற லாரியிடம் முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு சூடு என்பதை அல்ல, எப்போது சூடு என்பதை. நெரிசலில் ஊர்ந்தால் முள் ஏறி, புறவழிச்சாலையில் கொஞ்சம் ஓடவிட்டதும் இறங்குகிறதா? அது ஒரு ஜாதி நோய். ஊருக்குள் எத்தனை மணி நேரம் நின்றாலும் ஒன்றும் ஆகாமல், பாரத்தோடு துர்காபூர் விரைவுச்சாலையில் அரைமணி மிதித்தபின் ஏறுகிறதா? அது வேறு ஜாதி. காலையில் கிளப்பிய பத்தாவது நிமிடமே கொதித்தால் மூன்றாவது. பெயர் எல்லாவற்றுக்கும் ‘ஹீட்டாகுது’தான். காரணங்கள் ஒன்றுக்கொன்று எதிர்.

இன்ஜினுக்குள் எரியும் டீசலின் வெப்பம் எங்கே போகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜாம்ஷெட்பூரில் 1954-ல் பென்ஸ் கூட்டில் தொடங்கிய லாரி வம்சத்தில், பல காலம் ஓடிய டாடா 1210 வகை வண்டியை எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர், 5.7 லிட்டர் இன்ஜின், நல்ல நாளில் 120 குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. அதாவது சுமார் 90 கிலோவாட். டீசலின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு புகைபோக்கி வழியே போகிறது. ஏறத்தாழ கால்பங்கு சிலிண்டர் சுவர்கள் வழியாகத் தண்ணீருக்கு வருகிறது. முழு மிதியில் அது 60 கிலோவாட் அளவுக்கு நிற்கும்.

60 கிலோவாட் என்பது நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரை ஆவியாக்கித் தீர்க்கும் வெப்பம். கார்ல் பென்ஸின் 1885-ம் ஆண்டு வண்டி உண்மையில் அப்படித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொண்டது. தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும், போனதை மறுபடி ஊற்ற வேண்டும். 1888-ல் அவர் மனைவி பெர்தா பென்ஸ் மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அதே வகை வண்டியில் புறப்பட்டபோது வழியில் கிடைத்த இடத்திலெல்லாம் தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்தது. அது ஒன்றிரண்டு குதிரைத்திறன் வண்டி. 120 குதிரைத்திறன் லாரி அதே முறையில் ஓடினால் பின்னால் ஒரு தண்ணீர் லாரியும் கூடவே வரவேண்டும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் வில்ஹெல்ம் மேபாக். 1900-ஐ ஒட்டி அவர் வடிவமைத்து, மறு ஆண்டு வெளிவந்த மெர்சிடஸ் காரின் மூக்கில் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள சதுரக் குழாய்கள் 8,070 இருந்தன. இங்கே ஒரு நுணுக்கம். அந்தக் குழாய்களுக்குள் போனது தண்ணீர் இல்லை, காற்று. தண்ணீர் குழாய்களின் இடுக்குகளில் வழிந்தது. பின்னால் ஒரு விசிறி. வண்டி சுமக்க வேண்டிய தண்ணீர் 9 லிட்டராகக் குறைந்துபோனது. இன்றைக்கு வரைபடம் தலைகீழாகி, தட்டைக் குழாய்களுக்குள் தண்ணீரும் வெளியே மடிப்புத் தகடுகளுக்கிடையே காற்றும் போகின்றன. ஆனால் மேபாக் முதலில் பார்த்தது காற்றைத்தான். நாமோ ரேடியேட்டர் என்றதும் தண்ணீரையே நினைக்கிறோம்.

அந்த 60 கிலோவாட்டை எடுத்துப்போக எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும்? பம்ப் விநாடிக்கு இரண்டரை லிட்டர் சுற்றினால், ரேடியேட்டரின் மேலிருந்து கீழே வருவதற்குள் தண்ணீர் ஆறு டிகிரி குளிர்ந்தால் போதும். அதே வெப்பத்தைக் காற்று வாங்கிக்கொள்ள வேண்டும். காற்று 25 டிகிரி சூடேறட்டும் என்று தாராளமாக விட்டாலும் விநாடிக்கு சுமார் 2.4 கிலோ காற்று வேண்டும். எடையில் தண்ணீரும் காற்றும் கிட்டத்தட்ட சமம். கொள்ளளவில் அந்தக் காற்று 2,000 லிட்டருக்கு மேல்! ஒவ்வொரு விநாடியும் இரண்டரை லிட்டர் தண்ணீருக்கு எதிரே இரண்டாயிரம் லிட்டர் காற்று.

அதோடு போகவில்லை. ஓடும் தண்ணீர் ஒரு உலோகச் சுவரோடு வெப்பத்தைக் கொடுத்து வாங்கும் வேகம், வீசும் காற்று அதே சுவரோடு செய்வதைவிடப் பல பத்து மடங்கு அதிகம். காற்று மந்தம். அந்த மந்தத்தை ஈடுகட்டத்தான் காற்றுப் பக்கத்தில் மட்டும் அத்தனை செம்புத் தகடுகளை மடித்து மடித்துச் செருகிப் பரப்பைப் பெருக்குகிறார்கள். குளிர்விக்கும் வேலையில் கழுத்தைப் பிடிப்பது எப்போதும் காற்றுதான். காற்றுப் பக்கத்தில் பத்து சதவீதம் கெட்டால் ரேடியேட்டர் ஏறத்தாழ அதே அளவுக்குக் கெடும். தண்ணீர்ப் பக்கத்தில் அதே பத்து சதவீதம் கெட்டால் பல நேரம் முள் அசையக்கூட அசையாது.

இப்போது கொல்கத்தாவுக்கு வருவோம். ரேடியேட்டருக்கு முக்கியம் தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம். ஜனவரிக் காலையில் காற்று 15 டிகிரி, தண்ணீர் 90 என்றால் வித்தியாசம் 75. 2024 ஏப்ரல் 30 அன்று அலிப்பூர் வானிலை நிலையத்தில் வெப்பம் 43 டிகிரியைத் தொட்டது. அன்றைக்கு வித்தியாசம் 47 மட்டுமே. அதே ரேடியேட்டர், அதே தண்ணீர், ஆனால் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. முன்னால் நிற்கும் பேருந்தின் சூட்டையும் தார்ச்சாலையின் சூட்டையும் சேர்த்தால் லாரியின் மூக்குக்கு வரும் காற்று 50 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கலாம். 1968 முதல் இந்த ஊரில் நடந்துவரும் ஸ்டேட்ஸ்மன் பழங்கால கார் பேரணியைக் குளிர்காலத்தில் வைத்தவர்கள் விவரமானவர்கள்.

ஆனால் கொல்கத்தாவின் புழுக்கம் இந்த வழக்கில் நிரபராதி. சட்டை நனைந்து ஒட்டும் ஈரக் காற்று மனிதனைத்தான் வதைக்கும், ஏனென்றால் நாம் வியர்வை ஆவியாவதால் குளிர்கிறோம். ரேடியேட்டருக்கு வியர்ப்பதில்லை. ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிடத் துளி லேசு. ஆனால் ஒரு கிலோவுக்குத் துளி கூடுதல் வெப்பத்தை ஏந்தும். இரண்டும் ஏறத்தாழக் கழிந்துபோகும். டிரைவர் தவியாய்த் தவிக்கும் ஆவணி மாத 33 டிகிரி, ரேடியேட்டருக்குச் சித்திரை மாத 40 டிகிரியைவிடச் சுகமான நாள். ரேடியேட்டர் மேல் வாளித் தண்ணீரை வீசும் வைத்தியத்தில் மட்டும் புழுக்கம் குறுக்கே வரும். தெறித்த நீர் சீக்கிரம் ஆவியாகாது, பலன் அரைகுறை. தண்ணீரில் சேறு இருந்தால் காய்ந்தபின் அது தகடுகளுக்கிடையே அப்பிக்கொண்டு நிரந்தரத் தொல்லையாகும்.

அடுத்தது வேகம். டாம்டாம் நிறுவனத்தின் 2024-ம் ஆண்டுப் போக்குவரத்துக் கணக்கில் கொல்கத்தாவில் 10 கிலோமீட்டர் கடக்க 34 நிமிடத்துக்கு மேல் ஆனது. அந்த ஆண்டு இந்திய நகரங்களில் அதுதான் மிக மெதுவானது. மணிக்கு 17, 18 கிலோமீட்டரில் எதிர்க்காற்று என்று ஒன்று கிடையாது. எல்லாம் விசிறியின் பொறுப்பு. பழைய லாரிகளில் விசிறி இன்ஜினோடு பெல்ட்டால் கட்டப்பட்டது. அது தள்ளும் காற்று சுற்றின் வேகத்துக்கு நேர்விகிதம். 2,400 சுற்றில் தள்ளுவதில் கால்பங்கைத்தான் 600 சுற்றில் நின்று உறுமும்போது தள்ளும். நல்லவேளையாக அப்போது இன்ஜின் கொட்டும் வெப்பமும் முழு மிதியில் கொட்டுவதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். ஆக, உடம்பு சரியாக இருக்கும் லாரி நெரிசலில் நாள் முழுக்க நிற்கலாம். கொதிக்கக் கூடாது.

கொதித்தால்? பெரிய ரேடியேட்டர் வேண்டாம். பெல்ட்டை விரலால் அமுக்கிப் பாருங்கள். தொளதொளத்து வழுக்கும் பெல்ட் விசிறியையும் தண்ணீர் பம்பையும் ஒரே சமயத்தில் ஏமாற்றும். அடுத்து விசிறியைச் சுற்றி இருக்க வேண்டிய தகரக் கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய லாரிகளில் இது பெரும்பாலும் இருக்காது. எப்போதோ ரேடியேட்டரைக் கழற்றிய மெக்கானிக் இடைஞ்சல் என்று தூக்கி எறிந்திருப்பார். அந்தக் கூடு இல்லாத விசிறி ரேடியேட்டரின் நடு வட்டத்திலிருந்து மட்டும் காற்றை இழுக்கும். நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும். இறக்கைகளின் நுனியில் தள்ளிய காற்றே திரும்பி வந்து மறுபடி சுழலும். ஒரு தகர வேலைக்காரர் அரைநாளில் செய்துகொடுக்கும் சாமான் அது. பாதி இறக்கை கூட்டுக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்க வேண்டும் என்பது மட்டுமே அளவு.

அப்புறம் முகப்பு. வங்காள லாரிகளின் முகப்பு அலங்காரம் பார்க்க அழகு. கூடுதல் பம்பர், பெயர்ப் பலகை, கருப்புக் குஞ்சங்கள், செப்டம்பர் 17-ஐ ஒட்டி வரும் விஸ்வகர்மா பூஜைக்குக் கட்டி வாடிய பிறகும் அவிழ்க்காத சாமந்தி மாலை. ஒவ்வொன்றும் இரண்டாயிரம் லிட்டரில் கொஞ்சத்தைத் தடுக்கிறது. ஹூக்ளிக் கரையின் சணல் ஆலைகளுக்கு ஓடும் லாரிகளில் இன்னொரு வகைத் தொல்லை உண்டு. சணல் நார்த்தூசி தகடுகளின் இடுக்கில் நுழைந்து, எண்ணெய்ப் புகையோடு சேர்ந்து கம்பளம் மாதிரி படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பின்பக்கம் ஒரு விளக்கைப் பிடித்து முன்பக்கமிருந்து பார்த்தால் வெளிச்சம் வராத இடங்கள் தெரியும். சுத்தம் செய்யும்போது தண்ணீரை விசிறிப் பக்கமிருந்து முன்னோக்கி அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் தூசி இன்னும் ஆழமாகத்தான் போகும்.

இரண்டாவது ஜாதிக்கு வருவோம்: பாரத்தோடு ஓடினால்தான் கொதிக்கும் லாரி. இங்கே காற்று தாராளம், குற்றவாளி தண்ணீர்ப் பக்கத்தில். கொல்கத்தாவின் தெருக்குழாய்களில் பல காலமாக இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. பல்தாவில் வடிகட்டி வரும் குடிநீர் ஒன்று; ஆற்றிலிருந்து நேரே இறைத்து, தெரு கழுவுவதற்கென்று விடும் வண்டல் கலந்த கங்கை நீர் இன்னொன்று. கிளீனர் பையனுக்கு அவசரத்தில் கைக்கு எட்டுவது பெரும்பாலும் இரண்டாவது. புறநகர் ஆழ்குழாய்த் தண்ணீர் என்றால் சுண்ணாம்பும் இரும்பும் சேர்ந்து வரும். தண்ணீர் கொதித்து ஆவியாகும், கரைந்திருந்தது உள்ளேயே தங்கும். வருடக்கணக்கில் இப்படி ஊற்றி ஊற்றி, இன்ஜினின் நீர்ச்சுவர்களில் படியும் சுண்ணாம்புப் படிவு ஒரு மில்லிமீட்டர் கனத்தை எட்டினால், வெப்பத்தை மறிப்பதில் அது இரண்டரை சென்டிமீட்டர் வார்ப்பிரும்புக்குக் குறையாது. ரேடியேட்டரின் தட்டைக் குழாய்களோ உள்ளே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளிகூட இல்லாதவை. அவை கீழிருந்து மெல்ல அடைத்துக்கொண்டே வரும்.

அடைப்பைக் கண்டுபிடிக்க, துப்பாக்கி மாதிரிப் பிடித்து அழுத்தும் அகச்சிவப்பு வெப்பமானி போதும். சூடான ரேடியேட்டரின் முகத்தை அங்குலம் அங்குலமாக அளந்தால், தண்ணீர் ஓடாத குழாய்களின் பகுதி மட்டும் குளிர்ந்திருக்கும். மேல் ஹோஸுக்கும் கீழ் ஹோஸுக்கும் வித்தியாசம் பாரத்தோடு ஆறேழு டிகிரி இருந்தால் ஓட்டம் சரி. 20, 25 டிகிரி வித்தியாசம் இருந்தால் ரேடியேட்டர் அபாரமாகக் குளிர்விக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டாம். தண்ணீர் மிக மெதுவாகப் போகிறது என்று அர்த்தம். வித்தியாசமே இல்லை, இரண்டும் சுட்டெரிக்கிறது என்றால் மறுபடி காற்றுப் பக்கம் போக வேண்டும். கீழ் ஹோஸை மட்டும் தனியாகக் கவனியுங்கள். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. ரப்பர் தளர்ந்து உள்ளே இருக்கும் சுருள்கம்பியும் துருப்பிடித்துப் போயிருந்தால், வேகமாக மிதிக்கும்போது ஹோஸ் சப்பிக்கொள்ளும். நிறுத்திப் பார்த்தால் பழையபடி உருண்டையாக இருக்கும். ரேடியேட்டரை மாற்றிய பிறகும் கொதிக்கும் லாரிகளில் சிலவற்றின் ரகசியம் இதுதான்.

மல்லிக் பஜாரைப் பார்த்தவர்களுக்கு இந்த உலகம் அந்நியமில்லை. ஆச்சார்ய ஜகதீச சந்திர போஸ் சாலையை ஒட்டிய அந்தப் பழைய உதிரிபாகச் சந்தையில் கதவு, பானெட், கியர்பெட்டி என்று வாகனங்கள் உறுப்பு உறுப்பாகக் கிடக்கும். இப்படிப்பட்ட சந்தைகளை அண்டிய ரேடியேட்டர் பட்டறையில் மிஸ்திரி வேலை செய்வதை நின்று பார்க்க வேண்டும். கழற்றிய ரேடியேட்டரின் ஒரு வாயை ரப்பர் அடைப்பானால் மூடி, இன்னொரு வாயில் காற்றுக் குழாயைச் செருகி, சிமென்ட் தொட்டித் தண்ணீரில் முக்குவார். எங்கே ஓட்டையோ அங்கே குமிழ் வரிசையாக வரும். சாக்பீஸால் ஒரு வட்டம். பிறகு ஊதுவிளக்கால் மேல்தொட்டியின் விளிம்பைச் சூடாக்க, ஈயம் பளபளத்து இளகி, தொட்டி கழன்று வரும். உள்ளே குழாய் வாய்கள் வரிசையாக, பாதி காவி நிறச் சேற்றால் அடைத்தபடி தெரியும். மெல்லிய பித்தளைப் பட்டையை ஒவ்வொரு குழாயிலும் விட்டு இழுப்பார். கடைசியாகத் தொட்டியைப் பொருத்தி ஈயம் வைத்தால் வேலை முடிந்தது.

கிளப்பிய பத்தாவது நிமிடமே கொதிக்கும் மூன்றாவது ஜாதியில், மிஸ்திரி கையில் தீராத நோய் ஒன்று உண்டு: ஹெட் கேஸ்கெட். அது கசிந்தால் எரிபுகை தண்ணீருக்குள் புகும். இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, வண்டியைக் கிளப்பி, தண்ணீரின் மேற்பரப்பைப் பார்த்தால் விடாமல் குமிழ் வந்துகொண்டிருக்கும். இந்த நிலையில் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் மாட்டினாலும் கொதிக்கும். இன்னொரு மோசடி வெப்பமுள்ளினுடையது. அதன் உணரி தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் உண்மை சொல்லும். தண்ணீர் மட்டம் இறங்கி உணரி ஆவியில் தொங்கத் தொடங்கினால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் சாவகாசமாகக் கீழே இறங்கலாம். ஏறிய முள் திடீரென்று இறங்கினால் டிரைவர் நிம்மதி அடையக் கூடாது, ஓரங்கட்ட வேண்டும்.

நம்மூர்ப் பட்டறைகளிலும் கொல்கத்தாவிலும் ஒன்றுபோல நடக்கும் தவறு, கொதிக்கிற வண்டியில் முதல் காரியமாகத் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போடுவது. 1930-களில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் உருவாக்கிய மெழுகு உருளைதான் அதன் உயிர். குறித்த வெப்பத்தில் உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிய, அந்த விரிவே ஒரு தண்டைத் தள்ளி வழியைத் திறக்கும். மின்சாரம் வேண்டாம், கட்டளை வேண்டாம். பல இன்ஜின்களில் அது இன்னொரு வேலையும் செய்கிறது: ரேடியேட்டருக்கு வழி திறக்கும்போதே, ரேடியேட்டரைத் தொடாமல் இன்ஜினுக்குத் திரும்பும் குறுக்குவழியை அடைக்கிறது. தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கினால் அந்தக் குறுக்குவழி நிரந்தரமாகத் திறந்துவிடும். தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே சுற்றிச்சுற்றி வரும். குளிர்ச்சிக்காகச் செய்தது சூட்டைக் கூட்டும். அப்படி ஆனதும், தண்ணீர் வேகமாக ஓடுவதால் ஆற நேரமில்லை என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அது இயற்பியலுக்கு விரோதம். ஓட்டம் கூடினால் குளிர்ச்சி கூடுமே தவிரக் குறையாது.

ரேடியேட்டர் மூடி இருப்பதிலேயே மலிவான சாமான், அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் அதுதான். பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் வேலையை அதன் ஸ்பிரிங் செய்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி, தண்ணீரின் கொதிநிலையை 111 டிகிரி வரை தள்ளிவைக்கும். ஸ்பிரிங் செத்த மூடியோ, அவசரத்துக்குத் துணி சுற்றிச் செருகிய மூடியோ 100-லேயே கொதிக்கவிடும். மூடியின் அருமை கொல்கத்தாவில் தெரியாது. அதே மேற்கு வங்கத்தில் டார்ஜிலிங் மாவட்டத்து மானேபஞ்சனுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். 1950-களின் லேண்ட்ரோவர்கள் இன்றும் அங்கிருந்து 3,636 மீட்டர் உயரத்துச் சந்தக்ஃபூவுக்கு ஆள் ஏற்றிப் போகின்றன. அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். தெர்மோஸ்டாட் முழுதாகத் திறப்பதற்கும் கொதிப்பதற்கும் நடுவே இடமே இல்லை. அந்த இடத்தை மூடிதான் உண்டாக்கித் தருகிறது.

இதே கணக்குதான் சூடான மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கும். 111 டிகிரியில் 20 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. மூடியைத் திருகியதும் அழுத்தம் போய்விட, 100-க்கு மேலுள்ள வெப்பம் முழுவதும் ஒரே மூச்சில் ஆவியாகக் கிளம்பும். ஆவியாவது அரை லிட்டர் தண்ணீர்கூட இல்லை. ஆனால் அந்த ஆவி பிடிக்கும் இடம் 600 லிட்டருக்கு மேல். அது மிச்சத் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு, திறந்தவர் முகத்தைத் தேடி வரும். அரைமணி பொறுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. கொதிக்கும் இன்ஜினில் குளிர்நீரை ஊற்றி ஹெட்டை விரிசல் விடவைப்பதற்கும் அதே பொறுமைதான் மருந்து.

இத்தனையையும் பார்த்து, பெல்ட், கூடு, ஹோஸ், மூடி, கேஸ்கெட் எல்லாம் சரி, கோர்தான், அதாவது குழாயும் தகடும் சேர்ந்த நடுப்பகுதிதான், செத்துவிட்டது என்று தெரிந்தபின் ரேடியேட்டர் வாங்கப் போகலாம். கடைக்காரர் முதலில் காட்டுவது தடிமனை: மூன்று வரிசைக் குழாய்க்குப் பதில் நாலு வரிசை போடுங்கள் என்பார். முதல் வரிசையைத் தாண்டும் காற்று சூடேறிப் போகும். இரண்டாவது, மூன்றாவது வரிசைகளுக்குக் கிடைப்பது ஏற்கெனவே சுட்ட காற்று. நாலாவது வரிசைக்கு வெப்ப வித்தியாசம் சொற்பம். அதற்கும் மேலாக, தடிமன் கூடக்கூடக் காற்று நுழைவதே கஷ்டம், அதுவும் 600 சுற்றில் சுற்றும் விசிறிக்கு. முகப்புப் பரப்பைக் கூட்ட லாரியின் சட்டத்தில் இரண்டு அங்குலம் இடமிருந்தால் அதுதான் லாபம். தகடுகளின் நெருக்கமும் அப்படியே. அங்குலத்துக்கு 16 தகடு காகிதத்தில் நன்றாக இருக்கும். சணல் தூசியும் சேறும் பறக்கும் ஊரில் எட்டு, பத்துத் தகடு உள்ளதே நாலு வருடத்துக்குப் பிறகும் மூச்சுவிடும்.

அடுத்தது செம்பா, அலுமினியமா. வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். ஆனால் பழைய ரேடியேட்டரில் குழாய் பித்தளை, அதன் கடத்தல் அலுமினியத்தில் பாதி. குழாயையும் தகட்டையும் சேர்ப்பது ஈயக்கலவை, அது இன்னும் மட்டம். அலுமினிய ரேடியேட்டரில் எல்லாம் ஒரே உலோகம், உலையில் ஒட்டுமொத்தமாகப் பற்றவைத்தது. குழாயை அகலமாகவும் மெல்லியதாகவும் செய்ய முடியும் என்பதால் இரண்டு வரிசை அலுமினியம் நாலு வரிசைச் செம்புக்கு ஈடு கொடுக்கும். எடையும் கணிசமாகக் குறைவு. காகிதத்தில் அலுமினியமே ஜெயிக்கிறது.

தெருவில் நிலவரம் வேறு. ஈயக்கலவை 300 டிகிரிக்குள் உருகிவிடும், எந்த ஊர்ப் பட்டறையிலும் ஊதுவிளக்கு இருக்கும். அலுமினியத்தைப் பற்றவைக்க 600 டிகிரி உலை வேண்டும். அதன் பிளாஸ்டிக் தொட்டி உடைந்தால் நம்மூர்ச் சங்ககிரியிலிருந்து 2,000 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் டிரைவர் புது ரேடியேட்டர்தான் வாங்க வேண்டும். அலுமினியத்துக்குச் சரியான கூலண்ட் கண்டிப்பு. தெருக்குழாய்த் தண்ணீரை ஊற்றிப் பழகிய கை அதை அரித்துத் தீர்த்துவிடும். செம்பு ரேடியேட்டரைச் சுத்தம் செய்யப் பட்டறைகளில் காய்ச்சி வைத்திருக்கும் காஸ்டிக் சோடாத் தொட்டியில் தவறி ஒரு அலுமினிய ரேடியேட்டரைப் போட்டால், ஹைட்ரஜன் குமிழோடு அது கரையத் தொடங்கும். வண்டி ஒரே கம்பெனி டிப்போவில் இருந்து, கூலண்டும் அங்கேயே ஊற்றுவார்கள் என்றால் அலுமினியம் வாங்கலாம். வண்டி ஊர் ஊராகப் போய், கண்ட இடத்தில் தண்ணீர் குடித்து, கண்ட மிஸ்திரியிடம் படுக்கும் என்றால் பழைய தொட்டிகளை வைத்துக்கொண்டு செம்பு-பித்தளைக் கோரை மட்டும் புதிதாகப் போடுவதே என் கட்சி.

கொல்கத்தாவில் இந்த முடிவை இன்னொரு கணக்கும் சாய்க்கிறது. 2008-ல் கல்கத்தா உயர்நீதிமன்றம் 15 வயதைத் தாண்டிய வணிக வாகனங்களை மாநகரப் பகுதியில் ஓட்டக் கூடாது என்று உத்தரவிட்டது. மறு ஆண்டிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. 12 வயது லாரிக்கு நகரத்துக்குள் இன்னும் மூன்று வருடம்தான். மூன்று வருடத்துக்காக விலை உயர்ந்த ரேடியேட்டர் எதற்கு என்று முதலாளி யோசிப்பது நியாயம். ஆனால் செம்புக் கோர் வண்டியோடு சாகாது. வண்டியை உடைக்கிற நாளில் அதை எடைக்குப் போடலாம்; கிலோவுக்கு அலுமினியத்தைப் போலப் பல மடங்கு விலை, எடையும் அதிகம். விலைப்பட்டியலில் தெரிந்த வித்தியாசத்தில் ஒரு நல்ல பங்கு பழைய இரும்புக் கடைத் தராசில் திரும்பி வந்துவிடும். விவரம் தெரிந்த முதலாளிகள் கோர் மாற்றும்போதே பழையதைப் பட்டறையில் விட்டுவிடாமல், எடை போட்டுக் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்வார்கள்.